வாங்குவீங்களா என்று கேட்டவர்

"காளானுக்குக் காத்து வேணும், ஈரம் வேணும், இருட்டு வேணும்னு மனப்பாடமா சொல்றீங்க. எனக்கு என்ன வேணும்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?"

"கத்தாத. எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருக்கு."

"திறந்தே இருக்கட்டும். அவங்களும் கேக்கட்டும். நாம படுக்கற ரூம்ல வைக்கோலைக் கட்டித் தொங்கவிட்டுட்டு, கட்டினவளைச் சமையக்கட்டுல பாய் போட்டுக்கச் சொன்ன மனுஷன் இந்தத் தெருவுல வேற யாரு இருக்கா?"

"சமையக்கட்டுன்னு நான் எங்க சொன்னேன்? ஹால்லதானே படுக்கச் சொன்னேன்."

"ஹால்ல வைக்கோல் மூட்டை படுத்திருக்கு. அதை எழுப்பிட்டு நான் படுக்கவா?"

எதிர்வீட்டு ஜன்னல் என்று அவர் சொன்னது என்னுடையதைத்தான். அது எப்போதும் திறந்துதான் இருக்கும்; வெங்காயம் நறுக்குகிறவளுக்குக் காற்று வேண்டாமா? அன்றைக்கு நறுக்க வேண்டிய வெங்காயம் தீர்ந்த பிறகும் நான் நகரவில்லை என்பது வேறு விஷயம். அந்த வீட்டுக்காரர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்; அங்கே சண்டை என்றால் அக்காதான் ஜெயிப்பாள். அன்று ஜெயிக்கப் போகிற நேரத்தில் இருமல் வந்து அவளை உட்காரவைத்துவிட்டது. சாதாரண இருமல் இல்லை. கிணற்றில் வாளி இடிபடுகிற மாதிரி, உள்ளே எங்கேயோ போய் மோதித் திரும்புகிற இருமல். அது அடங்கும்வரை அவர் சொம்பில் தண்ணீரோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இந்த அறுவடை மட்டும் முடியட்டும்" என்றார் மெதுவாக.

"போன அறுவடைக்கும் இதைத்தான் சொன்னீங்க."

அவரைத் தெரு முழுவதும் லிஃப்ட்காரர் என்றுதான் சொல்லும். பின்னால் பேசும்போது 'மேலகீழ' என்போம். ஊர் நடுவில் இருக்கிற பெரிய அலுவலகக் கட்டடத்தில், லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பட்டன் அழுத்துகிற வேலை. உட்கார்ந்த இடத்திலேயே உலகம் அவரைத் தேடி வரும். இன்சூரன்ஸ் மேனேஜர், டைப் அடிக்கிற பெண்கள், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல் டாக்டரிடம் போகிறவர்கள், நிம்மதியாகக் கீழே இறங்குகிறவர்கள். யார் மகள் எந்தப் பரீட்சையில் தேறினாள், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அக்காவிடம் ஒரு மாடி விடாமல் ஒப்பிப்பார். வாய் விஷயத்தில் அவரும் நானும் ஒரே ரகம். ஆனால் எனக்கு ஒரு ஜன்னல்தான். அவருக்கு வாசலே மேலும் கீழும் போய் வந்தது.

பிறகு, மாடி எண்ணைத் தானே சொல்லிக் கதவையும் தானே மூடிக்கொள்கிற புது லிஃப்ட் வந்தது. இவரைச் சும்மா அனுப்பச் சங்கடப்பட்ட கட்டட நிர்வாகம், சுயதொழில் பயிற்சி நிலையத்தில் ஓர் இடம் வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தது. வீட்டில் ஒப்பாரி வைப்பாரோ என்று நாங்கள் பயந்தோம். அவரோ பயிற்சிக்குப் போன முதல் நாளே சலவைச் சட்டையோடு சிரித்துக்கொண்டு திரும்பினார்.

ஏன் சிரிக்க மாட்டார்? கடைவீதி மாடியில் நீளமான ஒரு அறை. பெஞ்சு கொள்ளாத ஆட்கள். முகத்துக்கு அலங்காரம் செய்யக் கடை வைக்கப் போகிற பெண், ஆலையில் வேலை போன அண்ணன் தம்பிகள், கோழி வளர்க்க ஆசைப்பட்ட ஒரு ஓய்வுபெற்ற நர்ஸ். நடுவில் டீ, பிஸ்கட். பாடம் நடத்தியது ஒரு இளம் பெண். தோளில் துணிப்பை, விரலெல்லாம் மார்க்கர் மை. 'மேடம் இன்னைக்கு என்ன சொன்னாங்க தெரியுமா' என்று ஆரம்பித்தால் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார வேண்டியதுதான். திட்டம் போடுவது எப்படி, விலை வைப்பது எப்படி, பெயர்ப் பலகைக்கு எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்று எல்லாம் படித்தார்கள். அவர் காளானைத் தேர்ந்தெடுத்தார். ஏனென்றால் அதற்கு நிலம் வேண்டாம், ஒரு இருட்டு அறை போதும் என்று மேடம் சொல்லியிருந்தாள்.

அடுத்துத்தான் சந்தை ஆய்வு. வாங்குகிற ஆள் இருக்கிறானா என்று போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்று எல்லோரையும் அனுப்பினாள். மற்றவர்கள் கடை கடையாக ஏறி இறங்கி, பாதிப் பேர் திட்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள். இவர் நேரே தன் பழைய கட்டடத்துக்குப் போனார். லிஃப்ட் பக்கத்தில் நின்றுகொண்டு ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோரிடமும், "நான் காளான் போட்டா வாங்குவீங்களா?" என்று கேட்டார்.

"கண்டிப்பா" என்றார் இன்சூரன்ஸ் மேனேஜர்.

"என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க, உங்ககிட்ட வாங்காம" என்றார்கள் டைப் அடிக்கிற பெண்கள்.

பல் டாக்டர் தலையாட்டியதோடு நிற்காமல் முதுகிலும் தட்டினாராம். எங்கள் தெருவிலும் கேட்டார். தெருவும் கண்டிப்பா என்றது. ஒரு ஆள் கூட மாட்டேன் என்று சொல்லவில்லை. வகுப்பில் எழுந்து நின்று சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். சந்தை ஆய்வு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மேடம் போர்டிலேயே எழுதிவிட்டாள்.

அந்தக் கைதட்டலை நம்பித்தான் படுக்கையறை காலியானது. கட்டிலைக் கழற்றிப் பின்கட்டில் சாய்த்தார். மாட்டுத் தீவனக்காரரிடம் வைக்கோல் வாங்கிவந்து விரல் நீளத்துக்கு வெட்டி ஊறவைத்தார். கொல்லையில் கல்லடுப்புக் கூட்டி, டிரம்மில் அதை வேகவைத்தார். அந்த வாசனை தெருக்கோடி வரைக்கும் போய், யார் வீட்டில் பால் தீய்கிறது என்று எல்லோரும் அவரவர் அடுப்பைப் போய்ப் பார்த்தார்கள். வெந்த வைக்கோலை நிழலில் பரப்பி, கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது என்ற பதத்துக்குக் காத்திருந்தார். கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஓரத்தில் ஒரு பிடி காளான் வித்து, மறுபடி வைக்கோல். வாயைக் கட்டி, ஊசியால் துளை போட்டு, கயிற்றில் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டார். ஜன்னலுக்கு நனைத்த சாக்கு. காலையும் மாலையும் பம்பில் தண்ணீர் தூவினார். அக்கா முணுமுணுத்துக்கொண்டே சாக்கு தைத்துக் கொடுத்தாள். அப்போதெல்லாம் அவளுக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. என்னிடம் மறைத்தாள், அவ்வளவுதான்.

பைக்குள் வெள்ளை நூல் படர்ந்தது. ஒரு நாள் துளைகளில் குண்டூசித் தலை மாதிரி மொட்டு எட்டிப் பார்த்தது. மறுநாளே கொத்துக் கொத்தாக, காது மடல் மாதிரி விரிந்தன. தெருவே வரிசையில் வந்து பார்த்தது. பிரசவ ஆஸ்பத்திரியில் குழந்தை பார்க்கிற மாதிரி, எல்லோரும் குரலைத் தணித்துக்கொண்டு.

எல்லாப் பையும் ஒரே வாரத்தில் காய்த்தது. இரண்டு கூடை நிறைய அடுக்கிக்கொண்டு கட்டடத்துக்குப் போனார். வாசலில் புதுக் காவலாளி.

"யாரைப் பார்க்கணும்?"

"எல்லாரையும்."

"எல்லாரையும்னு யாரும் இங்க இல்ல. பேரு சொல்லுங்க."

மேனேஜர் இறங்கி வந்தார். "அடடா, இன்னைக்கா? வீட்டுல ஊருக்குப் போயிருக்காங்களே. சொல்லி அனுப்பறேன்" என்றார். டைப் அடிக்கிற பெண்கள், "இதை எப்படிச் சமைக்கறதுன்னே தெரியாதேண்ணே" என்றார்கள். பல் டாக்டர் கூடையை எட்டிப் பார்த்து, பிரமாதம் என்று சொல்லிவிட்டு மேலே போனார். யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை. சிரித்துக்கொண்டே எல்லோரும் லிஃப்டுக்குள் போனார்கள், கதவு மூடிக்கொண்டது. சாயங்காலம் காளான் ஓரமெல்லாம் மஞ்சளித்து, உடம்பு சரியில்லாத குழந்தை மாதிரி துவண்டுபோய் வீட்டுக்கு வந்தது. காய்கறிக் கடைக்காரரோ, "தினம் கொஞ்சம் கொஞ்சமா குடுத்தா எடுப்பேன். ஒரே நாள்ல கொண்டாந்து கொட்டினா நான் என்ன மாலை கட்டிப் போட்டுக்கவா?" என்றார்.

ஆக, தெரு சாப்பிட்டது. நானும் மிளகு போட்டு வதக்கினேன். என் வீட்டுக்காரர் ஒரு துண்டை மென்றுகொண்டே இருந்துவிட்டு, "இதை எப்ப முழுங்கணும்?" என்று கேட்டார். இரண்டாவது தடவை கூடையோடு அவர் வருவதைப் பார்த்ததும் பல வீடுகளில் ஆளே இல்லாமல் போயிற்று.

வாங்க ஆளில்லாததால் பறிப்பது தள்ளிப் போயிற்று. அதில்தான் வினை. காளானை விரிந்ததும் பறிக்க வேண்டும். முற்றவிட்டால் அடியிலிருந்து மாவு மாதிரி ஒன்று உதிரும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, வெளிச்சக் கீற்றில் மட்டும் மிதக்கும். நாளைக்காவது யாராவது கேட்பார்கள் என்று அவர் விட்டுவைத்ததெல்லாம் உதிர்ந்து வீடு முழுக்க மிதந்தது. அக்காவுக்கு இருமல் பிடித்தது. டாக்டர் மார்பில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "அந்த ரூமை மூடுங்க. இல்லேன்னா இவங்களை வேற வீட்டுல வைங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அதை ஒட்டித்தான் நான் முதலில் சொன்ன சண்டை. சண்டையின் சூடு ஆறுவதற்குள் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. பயிற்சி முடிந்தால் வீட்டுக்கு வந்து பார்ப்போம் என்று சொல்லியிருந்த மேடம், ஒரு வழியாக வந்துவிட்டாள். கொடுக்க வேண்டிய தட்டு ஒன்று என்னிடம் இருந்தது ஞாபகம் வந்து நானும் போனேன்.

அவள் அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். "சார், உண்மையிலேயே அருமையா வளர்த்திருக்கீங்க. நம்ம பேட்ச்ல ஆரம்பிச்சதே நீங்களும் இன்னொருத்தரும்தான்."

"மத்தவங்க புத்திசாலிங்க" என்றாள் அக்கா.

"ஏம்மா, இருமல் ரொம்ப இருக்கா? பறிக்கும்போது மூக்கைத் துணியால மூடிக்கணும்னு கிளாஸ்ல சொன்னோமே."

"நான் பறிக்கல டீச்சரம்மா. பக்கத்து ரூம்ல மூச்சு விட்டேன். அவ்வளவுதான் நான் செஞ்சது."

அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. நல்ல பெண்தான். இத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்து முடித்தோம் என்று மேலே காட்டினால் போதும் என்கிற வேலை அது. முடித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் அவளைக் கேட்பதில்லை. பேச்சை மாற்றுகிறவள் மாதிரி கேட்டாள்: "சார், அடுத்த பேட்சை இங்க கூட்டிட்டு வந்து காட்டலாமா? நேர்ல பார்த்தா அவங்களுக்கு ஒரு தைரியம் வரும்."

லிஃப்ட்காரர் முகத்தை நான் பார்த்தேன். பயிற்சி முடிந்ததிலிருந்து அணைந்து கிடந்த விளக்கு ஏதோ எரிந்த மாதிரி இருந்தது. "எத்தனை பேரு வருவாங்க மேடம்? டீ போட்டு வைக்கறேன்" என்றார்.

அக்காவும் அந்த முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் சண்டையே போடவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அந்த வாரத்திலேயே பெட்டி கட்டி, வேறு ஊரில் இருக்கிற மகள் வீட்டுக்குக் கிளம்பினாள். ஆட்டோவுக்கு நிற்கும்போது, "இந்தக் காளானுக்காகவா போற?" என்று கேட்டேன்.

"அவருக்குக் காளான் மேல என்னடி ஆசை. ஆளுங்க வேணும். நானும் கூடவேதான் இருந்தேன், ஒருத்தியா இருந்தேன். நான் எத்தனை ஆளுக்குச் சமம், சொல்லு?"

எதையும் சொல்லிவிடுகிற வாய்தான் எனக்கு. அன்றைக்கு அவள் பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்தேன்.

பேட்ச் வருகிற நாள் மாதம் ஒன்று. அன்றைக்கு அந்த வீட்டில் கல்யாணக் களை. விடியும்போதே வாசல் கூட்டி, அறை கழுவி, முற்றினதையெல்லாம் பறித்து மூலையில் ஒதுக்கிவிட்டு, என்னிடம் டம்ளர் கடன் வாங்கிப்போவார். அவர் சொல்லிக்கொடுக்கிற அழகைக் கேட்க வேண்டுமே. "உள்ள வாங்க, உள்ள வாங்க, இன்னும் ரெண்டு பேருக்கு இடம் இருக்கு" என்பார். பிழிந்து காட்டுவார், பையைத் தட்டிக் காட்டுவார், எல்லோருடைய ஊரையும் பிள்ளைகளையும் விசாரித்துவிடுவார். எங்க நிலையம் எடுத்துக்காட்டா சொல்றது இவரைத்தான் என்று மேடமும் பெருமையாகச் சொல்லுவாள்.

மற்ற நாளில் அந்த வீட்டில் பம்பு பீய்ச்சுகிற சத்தம் மட்டும் கேட்கும். கூடத்தில் கடிகாரம் மாட்டியிருக்கும்போதே வாசலுக்கு வந்து தெருவில் போகிறவரிடம் மணி கேட்பார். ஒருத்தருக்குச் சமைக்கத் தெரியாமல் இரண்டு பேருக்குச் சமைத்து, மறுநாளும் அதையே சாப்பிடுவார். தபால்காரர் தப்பான வீட்டுக் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போனால் அன்றைக்கு அவருக்கு நல்ல நாள். கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் அங்கே உட்கார்ந்து பேசிவிட்டு வருவார்.

இடையில் ஒரு தடவை மகள் வீட்டுக்குப் போய் வந்தார். அங்கே நடந்ததை அக்காவே எனக்குப் போனில் சொன்னாள்.

"இருமல் சுத்தமா நின்னு போச்சுங்க. ரூமைக் காலி பண்ணிட்டு நீங்களும் இங்கயே வந்துடுங்க. பேத்தி உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்கா" என்றிருக்கிறாள்.

"பத்தாம் தேதி பேட்ச் வருது."

"பதினொண்ணாம் தேதி வாங்க."

"அடுத்த மாசமும் ஒண்ணு இருக்காம். மேடம் என்னை நம்பித்தான்..."

"அப்புறம் தட்டுல இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தினேன்" என்றாள் அக்கா. போனில் அவள் மூச்சு கேட்டது. சீரான மூச்சு.

அந்தப் பத்தாம் தேதி பேட்சில் ஒரு பெண் வந்திருந்தாள். பாத்திரம் கழுவுகிற சோப்புத் திரவம் காய்ச்சி விற்கப் போகிறாளாம். வந்ததிலிருந்து வாய் திறக்காமல், மூலையில் குவிந்து கிடந்த வாடின காளானையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டம்ளர் எடுத்துப்போக வந்தவள், எடுக்காமல் கதவோரம் நின்றிருந்தேன்.

"அண்ணே, இதை யாரு வாங்கறாங்க?" என்று கேட்டாள் சோப்புக்காரி.

"கட்டடத்துல எனக்குத் தெரிஞ்சவங்க நிறைய, இந்தத் தெருவுல..."

"அது இல்லண்ணே. நேத்து யாரு வாங்கினாங்க?"

அவர் பம்பைக் கீழே வைத்தார். "நேத்து யாரும் வாங்கல" என்றார். "முந்தாநேத்தும் வாங்கல. எப்பவுமே யாரும் சரியா வாங்கினதில்லம்மா" என்றார்.

மேடம் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"வாங்குவீங்களான்னு கேட்டேன். எல்லாரும் கண்டிப்பான்னாங்க. அவங்க பொய் சொல்லல. என் மூஞ்சிக்குச் சொன்னாங்க, காளானுக்குச் சொல்லல. தெரிஞ்ச மனுஷன் கேட்டா வேற என்ன சொல்லுவாங்க? ஒரு கால் கிலோ எங்கயாவது வாங்கிக்கிட்டு, என்னை யாருன்னே தெரியாத தெருவுல போய், இந்தாங்க, இப்பவே எடுத்துக்கறீங்களான்னு நான் நின்னிருக்கணும். ஒரு பை கட்டறதுக்கு முன்னாடி. நாலு பேரு கதவைச் சாத்தியிருந்தா, என் பொண்டாட்டி இந்த ரூம்ல படுத்திருப்பா."

"இதை ஏன் சார் இத்தனை நாளா எங்கிட்ட சொல்லல?" என்றாள் மேடம்.

"சொன்னா நீங்க வரமாட்டீங்களே மேடம்."

அவள் டீயைக் குடிக்காமலேயே டம்ளரைத் திண்டில் வைத்தாள். போகும்போது எல்லோருக்கும் பின்னால், மெதுவாகப் போனாள்.

நல்ல பெண் என்று சொன்னேன் அல்லவா. அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் செய்தாள். மேலே இருக்கிறவர்களோடு மல்லுக்கட்டிப் பாடத்தையே புரட்டிப் போட்டுவிட்டாள். இப்போது திட்டமெல்லாம் கடைசியில். ஆரம்பத்திலேயே ஆளுக்கு ஒரு சரக்கைக் கையில் கொடுத்து, முன்பின் தெரியாத தெருவில் இறக்கிவிடுகிறாள். யார் வாங்கினார்கள் என்று பேசுவதைவிட, யார் ஏன் மாட்டேன் என்றார்கள் என்றுதான் வகுப்பில் அதிகம் பேசுகிறார்களாம். பயிற்சி முடிந்த பிறகும் வாரம் ஒரு தடவை எல்லோரும் கூடி, விற்றது விற்காதது எல்லாம் சொல்லி அழுதுவிட்டுப் போக வேண்டும். கூட்டத்துக்கு வராதவர்கள் வீட்டுக்கு அவளே போய் நிற்பாள். முன்பு ஒருத்தர் இரண்டு பேர் கடை திறந்த இடத்தில் பாதிப் பேர் திறந்தார்கள். வெளியூரிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பேட்ச் எல்லாம் நாள் பூராவும் தெருத் தெருவாக விற்கப் போய்விட்டதால், காளான் வீட்டுக்கு வர நேரமில்லாமல் போயிற்று. அதைச் சொல்ல அவள் ஒரு தடவை தனியாக வந்தாள்.

"நீங்க நிலையத்துக்கு வந்து பேசுங்க சார். உங்களாலதான் இவ்வளவும்."

"பேசறதுக்கு என்ன இருக்கு மேடம். அன்னைக்கே எல்லாம் சொல்லிட்டேனே" என்றார். ஆனாலும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு நாள் போனார். வகுப்பில் இருந்தவர்கள் மரியாதையாகத்தான் கேட்டார்களாம். எல்லோர் மடியிலும் விற்க வேண்டிய பை இருந்ததாம். கண்ணெல்லாம் வாசலில் இருந்ததாம். அவரே சுருக்கமாக முடித்துக்கொண்டு நடந்து வந்துவிட்டார்.

பிறகு ஒரு நாள் பைகளை அறுத்து இறக்கினார். மக்கின வைக்கோலை மாட்டுத் தீவனக்காரர் எருவுக்கு அள்ளிப்போனார். சுவரைச் சுரண்டி, சோடா போட்டுத் தேய்த்து, சுண்ணாம்பு அடித்து, கட்டிலைத் திரும்பப் பூட்டினார். அக்காவுக்குப் போன் செய்து வரச்சொன்னார். அவளும் ஆசையாகத்தான் வந்தாள். தெருவுக்கெல்லாம் பிஸ்கட் வாங்கி வந்தாள். மறுநாள் காலையிலேயே அந்தக் கிணற்று இருமல் என் ஜன்னலுக்குக் கேட்டது. "சுவத்துக்குள்ளயே போயிடுச்சோ, என் நெஞ்சுக்குள்ளயே இருக்கோ, தெரியல" என்றாள். டாக்டர் இனிமேல் அந்த வீடு வேண்டாம் என்றார். இவருக்கு மகள் வீட்டில் கூடத்து மூலையில் இடம் இருந்தது. அந்த மூலையில் இரண்டு தடவை போய் இருந்து பார்த்தார். யாரும் குறை வைக்கவில்லை. மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்தால் காதில் எதையோ மாட்டிக்கொள்வார், பேத்தி பள்ளிக்கூடம், அக்காவுக்குப் புதிதாகப் பிறந்த பேரன். பேச ஆளில்லாமல் இருப்பதற்குச் சொந்த வீடே தேவலை என்று வந்துவிட்டார்.

சோப்புக்காரி இப்போது கடைவீதியில் இரண்டு கதவு வைத்த கடைக்காரி. வாடகை வீட்டை விட்டு, ஆற்றங்கரைப் பக்கம் சொந்த வீட்டுக்குப் போய்விட்டாள். ஓய்வுபெற்ற நர்ஸ் கோழியை விட்டுவிட்டு மகனோடு போய்ச் சேர்ந்தாள். மேடத்துக்குப் போன மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்குத் தூரத்து ஊரில் வேலை. பயிற்சி நிலையத்தை இன்னொருத்தர் கையில் ஒப்படைத்துவிட்டு அவளும் போய்விட்டாள்.

கல்யாணத்துக்கு மகளோடு அக்காவும் வந்திருந்தாள். புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தன் இனிப்பை எடுத்து அவர் பக்கம் வைத்தாள். சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்து, அழுக்குப் போகக் கசக்கத் தெரியவில்லை என்று சலித்துக்கொண்டாள். சாப்பாடு முடிந்ததும் அவளுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பஸ் கிளம்பும்வரை ஜன்னலோரம் நின்றுவிட்டு வந்தார். பிறகு அவரும் நானும் ஷேர் ஆட்டோவில் ஏறினோம். உள்ளே ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வீடு வந்து சேர்கிறவரை நான்தான் பேசிக்கொண்டு வந்தேன்.